ஜனதா காலனி ஞாபகம் இருக்கிற பெரியவங்க யாராவது உங்க வீட்டுல இருக்காங்களா? (ட்ராம்பே, 1976)

ட்ராம்பே தம்பி

வணக்கம் மக்களே. நான் மும்பை சீட்டா கேம்ப்ல பொறந்து வளர்ந்தவன், இப்ப வேலைக்காக வாஷி பக்கம் ரூம் எடுத்து இருக்கேன். எங்க ஏரியால ஜனதா காலனியை கண்ணால பார்த்த பெரியவங்க ஒவ்வொருத்தரா போயிட்டே இருக்காங்க, போன மாசம் கூட எங்க கல்லில (சந்துல) ஒரு தாத்தா போயிட்டார். அவங்ககிட்ட கேட்டு ஏதாவது பதிவு பண்ணி வைக்கலாம்னு நானும் ரெண்டு மூணு ஃப்ரெண்ட்ஸும் மொபைல்ல ரெக்கார்ட் பண்ண ஆரம்பிச்சிருக்கோம்.

தெரியாதவங்களுக்கு: மான்கூர்டு பக்கம், பாபா அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டி ஜனதா காலனின்னு ஒரு பெரிய குடிசைப் பகுதி இருந்துச்சு. சும்மா வந்து ஆக்கிரமிச்ச இடம் கிடையாது, சிட்டிக்குள்ள அங்கங்க இருந்த ஜனங்களை முனிசிபாலிட்டியே கிளப்பிக் கொண்டு வந்து விட்ட இடம். அப்புறம் அந்த நிலம் அணுசக்தித் துறைக்கு வேணும்னு பல வருஷம் நோட்டீஸ், கோர்ட்டு, ஸ்டேன்னு இழுத்து, கடைசில எமர்ஜென்சி நேரம் பார்த்து 1976 மே 17ல போலீஸைக் கொண்டு வந்து மொத்தமா காலி பண்ணிட்டாங்க. கிட்டத்தட்ட 70,000 பேர். அவங்களைக் கொண்டு வந்து விட்டதுதான் காடி (கடல் கழி) ஓரத்துல இருந்த சதுப்பு நிலம், இப்ப சீட்டா கேம்ப்.

என் பிரச்சனை என்னன்னா, யார்கிட்ட கேட்டாலும் முதல்ல தேதி சொல்றாங்க. என்னைக்கு வந்தோம், எந்த வருஷம் ரேஷன் கார்டு, எந்த வருஷம் கரண்ட் பில்லு. அதைத் தாண்டி உள்ள போகவே மாட்டேங்குது. எங்க ஆச்சியே அப்படித்தான், மைக்கை ஆன் பண்ணினதும் சர்வே ஆபீசர் முன்னாடி நிக்கிற மாதிரி உட்கார்ந்துடுறா. எப்படிக் கேக்குறதுன்னு யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க.

கல்லி கிரிக்கெட்

மைக்கை மறைச்சு வை, சாயாவை முன்னாடி வை. எல்லாம் வரும் 😀

சயான் செல்வா

தம்பி, அந்தத் தேதிப் பேச்சு எங்க தாராவியிலயும் அதேதான். அவங்களைத் தப்பு சொல்ல முடியாது, அம்பது வருஷமா கவர்மெண்டு அவங்ககிட்ட கேட்ட ஒரே கேள்வி "எப்ப வந்தே"ங்கிறது மட்டும்தானே. 1976 ஜனவரில குடிசைக் கணக்கெடுப்பு எடுத்து போட்டோ பாஸ் (குடிசைக்காரங்க படம் ஒட்டின அடையாள அட்டை) குடுத்தாங்க, அப்புறம் கட்-ஆஃப் தேதி (அதுக்கு முன்னாடி வந்தவனுக்குத்தான் மாத்து வீடு) தள்ளிக்கிட்டே வந்து 1995 ஜனவரி 1 ஆச்சு, அப்புறம் 2000 ஜனவரி 1, அப்புறம் காசு கட்டினா 2011. ஒவ்வொரு தடவையும் டிரங்குப் பெட்டியைத் திறந்து பாவ்டி பாவ்டியா (ரசீது ரசீதா) எடுத்துக் காட்டின ஜனம், நீ போய் மைக்கை நீட்டினாலும் பெட்டியைத்தான் திறக்கும்.

எங்க தாத்தாவோட போட்டோ பாஸ் இன்னும் இருக்கு. லேமினேஷன் ஓரம் பிரிஞ்சு உள்ள தண்ணி போயி பாட்டி முகத்துல பாதி மஞ்சளாயிடுச்சு. ஆனா தாத்தாவும் பாட்டியும் பக்கத்துல பக்கத்துல நிக்கிற போட்டோ எங்க குடும்பத்துல அது ஒண்ணுதான். கல்யாணத்துக்கு போட்டோ எடுக்கல. எப்பவோ வந்த சர்க்கார் ஆளு எடுத்ததுதான் கல்யாண போட்டோ மாதிரி ஆயிடுச்சு, பாட்டி செத்தப்ப அதைத்தான் பெருசு பண்ணி மாலை போட்டோம், நம்பர் தெரியுற இடத்தை ஸ்டூடியோக்காரன் அழிச்சுக் குடுத்தான்.

மாட்டுங்கா மாமி

படிக்கவே கஷ்டமா இருக்கு. எங்காத்துல இதெல்லாம் தெரியாது, எங்க மாமனார் காலத்துல பாலக்காட்டுலேர்ந்து ரயில்வே வேலைக்கு வந்து அப்படியே மாட்டுங்கால செட்டில் ஆனவா. ஊர் ஞாபகம்னா அவர் கிராமத்துக் குளம், கோவில், தேர்னு மணிக்கணக்கா பேசுவார். ஒரு யோசனை, தம்பி ஆச்சிகிட்ட ஊர்லேர்ந்து ஆரம்பிச்சுக் கேட்டுப் பாருங்களேன். சொந்த ஊர்னா மனசு திறந்துடும், அங்கேர்ந்து மெதுவா காலனிக்கு வரலாம்.

ட்ராம்பே தம்பி

மாமி, ஐடியாவுக்கு நன்றி, ஆனா அங்கதான் விஷயமே இருக்கு. ஆச்சிக்கு திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமம். அதைப் பத்திக் கேட்டா "அங்க என்னத்தக் கெடக்கு" அப்படின்னு எந்திரிச்சுப் போயிடுவா. குளம் இருந்துச்சாம், ஆனா எந்தப் படித்துறைல இறங்கலாம் எதுல இறங்கக் கூடாதுன்னு இருந்துச்சுல்ல. தேர் இருந்துச்சாம், அது இவங்க தெருப் பக்கம் வராது. எங்க தாத்தா பஞ்சத்துக்காக மட்டும் கிளம்பி வரல.

அவளுக்கு ஊருன்னா ஜனதா காலனிதான். முத முதல்ல எவன் தெருவுக்கும் செருப்புப் போட்டு நடந்து போன இடம்னு அவளே ஒரு தடவை சொல்லிருக்கா. குடிசைதான், சேறுதான், சண்டாஸுக்கு (கக்கூஸுக்கு) விடியக்காலம் லைன் கட்டி நிக்கணும், எல்லாம் சரி. ஆனா குழாயடில அவளுக்கு முன்னாடி ஒரு மலையாளத்து அக்கா, பின்னாடி ஒரு மேலப்பாளையத்து சாச்சி, யாரும் யார் குடத்தையும் நகர்த்தி வைக்கிறதுக்கு யோசிக்கல.

பிராக்டிகல் பாஸ்கர்

நான் கொஞ்சம் எதிர்க்கருத்து சொல்றேன், கோச்சுக்காதீங்க. ஜனதா காலனில இருந்தவங்களுக்கு மாத்து இடம் குடுத்தாங்க இல்லையா? மும்பைல எத்தனையோ பேருக்கு அதுவும் கிடைக்கல. இன்னைக்கு சீட்டா கேம்ப்ல ஒரு கோலி (ஒத்தை ரூம் வீடு) என்ன விலை போகுது? அம்பது வருஷத்துக்கு முன்னாடி நடந்ததை "கட்டாய இடப்பெயர்வு" அது இதுன்னு பெரிய பேரு வச்சு அழுதுகிட்டே இருக்கணுமா? பசங்க படிச்சுட்டாங்க, வாஷில ரூம் எடுத்து இருக்காங்க (இழையை ஆரம்பிச்ச தம்பியைத்தான் சொல்றேன் 😀), மூவ் ஆன்.

குர்லா கனி

பாஸ்கர் பாய், மே 17ன்னா என்ன அர்த்தம்னு மும்பைல இருக்கிற உங்களுக்குத் தெரியாதா? ஜூன் ரெண்டாவது வாரம் மழை. அதாவது இந்த ஊர்க்காரன் எல்லாம் கூரைக்குத் தார்ப்பாய் வாங்குற நேரத்துல, இருந்த கூரையைப் பிச்சுட்டு காடி ஓரத்துல கொண்டு போய் விட்டிருக்கான். எங்க வாப்பாவுக்கு அப்ப பதிமூணு பதினாலு வயசு. பழைய வீட்டுப் பலகை, தகரம், மூங்கில் எல்லாத்தையும் தலைல சுமந்து கொண்டாந்து நட்டா மூங்கில் நிக்காதாம், கீழ சேறு, முழங்கை வரைக்கும் உள்ள போகுமாம். பக்கத்து வீட்டுக்காரங்களோட சேர்ந்து டெப்ரிஸ், கல்லு, சாம்பல்னு எது கிடைச்சாலும் பர்ணி போட்டு (கொட்டி நிரப்பி) மேடாக்குனாங்களாம். பெரிய பரதி (கடல் ஏத்தம்) வந்தா அடுப்புக்கடில தண்ணி ஊறும். இப்ப நீங்க கேக்குற அந்தக் கோலி விலை இருக்கே, அதுல கவர்மெண்டு குடுத்தது சேறு, மேல இருக்கிறது மொத்தமும் ஜனங்க கொட்டினது. இதை அழுகைன்னு சொல்லாதீங்க, கணக்கு.

இன்னொண்ணு. வாப்பா மழையைப் பத்திப் பேசுற அளவுக்கு வீடு உடைச்ச நாளைப் பத்திப் பேசவே மாட்டார். அந்த நாளு கேட்டா "போலீஸ் வந்தாங்க, லாரி வந்துச்சு, ஏறினோம்" அவ்வளவுதான், முடிஞ்சுது. ஆனா அதுக்கப்புறம் யார் யாருக்கு எந்த செக்டர்ல இடம் விழுந்துச்சுன்னு கேளுங்க, ராத்திரி முழுக்கச் சொல்வார். ஏன்னா அவர் வகுப்புல பக்கத்துல உட்கார்ந்த பையனுக்கு இந்தக் கோடி, இவருக்கு அந்தக் கோடி. சுவத்துக்குச் சுவரா இருந்த குடும்பமெல்லாம் நம்பர் விழுந்த மாதிரி பிரிஞ்சுடுச்சு. உம்மாமாருங்க அப்புறம் பல வருஷம் நோம்புக் கஞ்சியை தூக்குச்சட்டில ஊத்திக்கிட்டு பழைய பக்கத்து வீட்டுக்காரியைத் தேடி செக்டர் செக்டரா நடந்திருக்காங்க.

ட்ராம்பே தம்பி

கனி பாய் இதைத்தான் நான் தேடிக்கிட்டு இருந்தேன். உங்க வாப்பாவை நாங்க வந்து பார்க்கலாமா?

நானும் ஒண்ணு சொல்லிடறேன். ஆச்சிக்கிட்ட மொபைல்ல மேப்பைத் திறந்து "பழைய குழாயடி எங்க இருந்துச்சு காட்டு"ன்னேன். அவளுக்கு மேப் படிக்கத் தெரியாது, நானும் சேட்டிலைட் வியூல போட்டுக் காட்டுறேன், கட்டடமா தெரியுது, ஒண்ணும் புரியல. ட்ராம்பே மலையைக் காட்டினேன். உடனே போனை வாங்கி, மலை அவ இடது கைப்பக்கம் வர்ற வரைக்கும் சுத்தினா, சுத்தி வச்சுட்டு கடகடன்னு ஆரம்பிச்சா பாருங்க, இங்கிட்டு ரேஷன் கடை, அங்கிட்டு பள்ளிவாசல், இவடத்துல சர்ச்சு போற வழி, இந்த இடத்துல மாவு மில்லு, அதுக்குப் பின்னாடி எப்பவும் சாராயம் காய்ச்சுவான் அங்கிட்டுப் போகாத. மலை மட்டும்தான் பழைய இடத்துலயும் இருந்துச்சு இங்கயும் இருக்கு, ஆனா இங்க அது வேற பக்கமா நிக்குது, அதனால அவ ஞாபகம் முழுக்க ஒரு பக்கம் திரும்பியே கிடந்திருக்கு. அன்னைக்கு ஒரு தேதி கூட அவ வாய்ல வரல.

தங்கவயல் தாமஸ்

இந்த இழைல ஜாக்கின் அற்புதம் பேரை இன்னும் யாரும் சொல்லலையே? கோலார் தங்கவயல்ல பொறந்தவர், எங்க ஊரு. சின்ன வயசுல பம்பாய் வந்து கார்பெண்டர் வேலை, ரோட்டுல படுத்துத் தூங்கி, அப்புறம் ஜனதா காலனிதான் அவருக்கு எல்லாம். குப்பை அள்ள முனிசிபாலிட்டி ஆள் வரலைன்னு காலனிப் பசங்களைக் கூட்டி ஆளுக்குக் கொஞ்சம் குப்பையைக் கட்டிக் குடுத்து முனிசிபல் ஆபீஸ் வாசல்லயே கொட்ட வச்ச மனுஷன். காலனியை உடைக்கக் கூடாதுன்னு டெல்லி வரைக்கும் போய் இந்திரா காந்தியைப் பார்த்து முறையிட்டவர். காலனி போயிடுச்சு, ஆனா அந்தப் போராட்டத்துல இருந்துதான் தேசிய குடிசைவாசிகள் கூட்டமைப்பே வளர்ந்துச்சு. 2000ல மகசேசே விருது, 2011ல பத்மஸ்ரீ, 2018ல காலமானார். நம்ம ஆளுங்கள்ல எத்தனை பேருக்கு இவரைத் தெரியும்? சினிமாக்காரன் பொறந்தநாள் தெரியும்.

அப்புறம் ஒண்ணு, தங்கவயல்காரனுக்கு இடம் பேர்ற கதை வேற மாதிரி. எங்களை யாரும் லாரில ஏத்தல. 2001ல சுரங்கத்தை மூடினாங்க, வீடு அப்படியே நிக்குது, பொழப்பு மட்டும் போச்சு. காலைல ரயிலேறி பெங்களூரு போய் ராத்திரி திரும்புற ஜனம் இன்னைக்கும் ஆயிரக்கணக்குல. நான் ஒரேயடியா ரயிலேறி குர்லால இறங்கிட்டேன். இது கட்டாயமா இஷ்டமான்னு என்னைக் கேட்டா எனக்குப் பதில் சொல்லத் தெரியாது.

ஹார்பர் லைன் ஹரி

தாமஸ் அண்ணே கேட்டது பெரிய கேள்வி. இதே கேள்வி சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு, அதுவும் தமிழ் ஆளுங்களோட. 1981ல முதலமைச்சரா இருந்த அந்துலே, பிளாட்பாரத்துல குடிசை போட்டவங்களை எல்லாம் கிளப்பி அவங்கவங்க ஊருக்கே அனுப்புங்கன்னு ஆர்டர் போட்டார். கொட்டுற ஜூலை மழைல. ஓல்கா டெல்லிஸ் கேஸ்னு சொல்வாங்க, 1985 ஜூலைல தீர்ப்பு. அந்தத் தீர்ப்புலயே ஒரு சேலத்துக்காரரோட கதை வரும்: நிலம் இல்லாத கூலி, வறட்சில வேலை போயி 1961ல பம்பாய் வர்றார், தஹிசர்ல ஒரு கெமிக்கல் கம்பெனில நாளுக்கு 23 ரூபா கூலி, ஹைவே ஓரம் பிளாஸ்டிக் ஷீட்டு கித்தான்ல ஒரு மறைப்பு, அதுக்கே ஒருத்தன் 2,500 ரூபா பிடுங்கிருக்கான். குடிசையை உடைச்சு சேலத்துக்குப் பஸ் ஏத்தி விட்டாங்க. வேலை தேடி திரும்ப பம்பாய்க்கே வந்து மறுபடியும் பிளாட்பாரம். "உன் ஊருக்குப் போ"ன்னு சொல்றவனுக்கு, எது அவன் ஊருன்னு அந்தப் போய்வந்த பயணமே சொல்லுது. கோர்ட்டு என்ன சொல்லுச்சுன்னா, பிழைக்கிற உரிமை வாழுற உரிமைக்குள்ள அடங்கும்னு ஒத்துக்கிச்சு, ஆனா நோட்டீஸ் குடுத்து எடுக்கலாம்னும் சொல்லிடுச்சு. அரசியல் சட்ட வகுப்புல முதல் பாதியை மட்டும் பெருமையா நடத்துவாங்க.

அதே கேஸ்ல வர்ற இன்னொரு குடியிருப்புப் பேரு காமராஜ் நகர். வெஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் ஹைவே ஓரம். யார் வச்ச பேருன்னு சொல்ல வேண்டியதில்லையே.

பிராக்டிகல் பாஸ்கர்

கனி சொன்ன சேறு மேட்டர் எனக்குத் தெரியாது, அந்த பாயிண்டை ஒத்துக்கறேன். ஆனா என் கேள்வி அப்படியே இருக்கு. ரெக்கார்ட் பண்ணி என்ன செய்யப் போறீங்க? யூடியூப்ல போட்டு நாலு பேரு ஹார்ட் விடுறதுக்கா?

சயான் செல்வா

இதுக்கு நான் பதில் சொல்றேன். தாராவியில மறுசீரமைப்புக்கு 2024ல சர்வே ஆரம்பிச்சாங்க. தரைத்தளத்துல 2000 ஜனவரி 1க்கு முன்னாடி இருந்தேன்னு நிரூபிச்சா தாராவிக்குள்ளயே 350 சதுர அடி. அதுக்கப்புறம் வந்தவனும் மேல் மாடில இருக்கிறவனும் தாராவிக்கு வெளிய. வெளியன்னா எங்க? பட்டியல்ல தேவ்னார் இருக்கு, குப்பை மேட்டு நிலம். சீட்டா கேம்ப்ல இருந்து ரொம்ப தூரமில்ல. 1976ல எந்த மூலைக்கு ஜனத்தைத் தள்ளினாங்களோ இன்னைக்கும் கை அதே மூலையைத்தான் காட்டுது, எம் ஈஸ்ட் வார்டு (மான்கூர்டு, ட்ராம்பே, தேவ்னார் எல்லாம் வர்ற மாநகராட்சி வார்டு). குப்பை அங்க, கசாப்புக்கூடம் அங்க, மீதி ஜனமும் அங்க. பழைய கதையை முழுசா சொல்ற ஆள் பக்கத்துல இருந்தா, புதுசா போகப் போறவன் என்னென்ன கேட்டு எழுதி வாங்கணும்னாவது தெரிஞ்சுக்குவான். மழைக்கு முன்னாடி மாத்தாதே, ஒரு கல்லியை ஒண்ணா மாத்து, ஸ்கூல் வருஷத்தை உடைக்காதே. இதையெல்லாம் அம்பது வருஷம் முன்னாடியே ஒருத்தன் பட்டுத் தெரிஞ்சு வச்சிருக்கான்ல.

அதனால தம்பி, தேதியைக் கேவலமா பேசாதீங்க, அது எங்களுக்கு ஆயுதம். பாவ்டி இல்லாதவன் கதை எவ்வளவு உருக்கமா இருந்தாலும் சர்வே டேபிள்ல செல்லாது. ரெண்டையும் வாங்கி வைங்க. பெட்டியைத் திறக்க ஆரம்பிச்சா தடுக்காதீங்க, ஒவ்வொரு பேப்பரையும் கைல எடுத்து "இதை வாங்க யாரோட போனே"ன்னு கேளுங்க. எங்க பாட்டி ரேஷன் கார்டுக்கு லைன்ல நின்னப்பதான் எங்க அப்பாவைப் பெத்தெடுக்கப் பிரசவ வலி வந்துச்சுன்னு எனக்கு அப்படித்தான் தெரிஞ்சுது.

நெறியாளர்

ஒரு வேண்டுகோள். சர்வே நடக்குற நேரம், யாரும் உயிரோட இருக்கிறவங்க பேரு, கோலி நம்பர், போட்டோ பாஸ் படம் எதையும் இங்க போட வேண்டாம். ஒரு படத்தை இப்பதான் எடுத்தேன்.

லல்லுபாய் லட்சுமி

இவ்வளவு நேரம் படிச்சுட்டு மட்டும் இருந்தேன். நாங்க மும்பை லோக்கல் ட்ரெயினோட ஹார்பர் லைன் தண்டவாளத்து ஓரத்துல இருந்தோம், ரயில்வே ப்ராஜெக்ட்டுக்காக எடுத்து மான்கூர்டுல லல்லுபாய் காம்பவுண்டுல 225 சதுர அடி பிளாட் குடுத்தாங்க. எனக்கு அப்ப ஸ்கூல் வயசு. பாஸ்கர் சார் கேக்குறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன், ஆமா, பக்கா வீடு, உள்ளேயே பாத்ரூம், வயசுக்கு வந்த பொண்ணுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு ஆம்பளைங்களுக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியாது. தண்டவாளத்துக்கு நான் திரும்பிப் போக மாட்டேன், அந்த இடத்தைப் பத்தி உருகுறவங்களைப் பார்த்தா எனக்குக் கோவம்கூட வரும்.

ஆனா எங்க அம்மாவுக்கு அது வேற. அம்மா வீட்டு வேலைக்குப் போன பில்டிங்கெல்லாம் பழைய இடத்துக்குப் பக்கத்துல, நடந்து போய் நடந்து வருவா, நடுவுல வந்து எங்களுக்குச் சோறு போட்டுட்டுப் போவா. இங்க வந்த பிறகு ட்ரெயின், பாஸ் காசு, கூட்டம், ரெண்டு வீட்டு வேலை கைவிட்டுப் போச்சு. லிஃப்ட் ஓடாது, கீழ் வீட்டுல இருந்த தண்ணி மேல ஏறாது. சாயங்காலம் வாசல்ல உட்கார்ந்து வெங்காயம் உரிச்சுக்கிட்டே பேசுற பழக்கம், இங்க காரிடார்ல உட்கார்ந்தா போறவன் வர்றவன் காலு இடிக்குது, அதனால கதவைச் சாத்திக்கிட்டாங்க எல்லாரும். அம்மா இப்பவும் பழைய கல்லிக்காரி யாராவது போன் பண்ணினா ஸ்பீக்கர்ல போட்டுட்டுத்தான் வெங்காயம் உரிப்பா.

தம்பிக்கு ஒரு விஷயம், பொம்பளைங்களைத் தனியா கேளுங்க. வீட்டுல தாத்தா இருந்தா அவர் தலைவர், மீட்டிங்கு, கேஸுன்னு ஆரம்பிப்பார், ஆச்சி வாய மூடிக்குவா. ஆம்பளை இல்லாத நேரம் போங்க, முடிஞ்சா ரெண்டு மூணு பெரியவங்களைச் சேர்த்து உட்கார வைங்க. ஒருத்தி சொல்றதை இன்னொருத்தி "அடியே அது அந்தக் குழாய் இல்ல"ன்னு மறுப்பா பாருங்க, அப்பதான் காலனி முழுசா வரும். உங்க கேள்வியே தேவைப்படாது.

கல்லி கிரிக்கெட்

நான் முதல்லயே சொன்னேன்ல சாயான்னு. யாரும் மதிக்கல.

மாட்டுங்கா மாமி

தம்பி, படித்துறை பத்தி நீங்க எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன். எங்க மாமனார் சொன்ன குளத்துலயும் அப்படித்தான் இருந்திருக்கும், அந்தப் பக்கத்தை அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. ரெக்கார்டிங்கை உட்கார்ந்து டைப் பண்ண ஆள் வேணும்னா சொல்லுங்கோ, எனக்குத் தமிழ் டைப்பிங் நன்னா வரும், மத்யானம் சும்மாதான் இருக்கேன்.

ட்ராம்பே தம்பி

மாமி, கண்டிப்பா வேணும், டைப்பிங்லதான் முட்டி நிக்கிறோம். மொபைலுக்குத் திருநெல்வேலித் தமிழும் மராட்டியும் இந்தியும் கலந்து பேசினா ஒரு எழவும் புரியல. ஒண்ணே ஒண்ணு மாமி, அவங்க பேசினபடியே அடிங்க, திருத்தாதீங்க.

பாஸ்கர் அண்ணே, யூடியூப்ல எல்லாம் போடுற ஐடியா இப்போதைக்கு இல்ல. செல்வா அண்ணன் சொன்னதுக்கப்புறம் நாங்க பேசினது, கல்லி வாரியா யாருக்குப் பக்கத்துல யாருன்னு பழைய காலனியை ஒரு சார்ட் பேப்பர்ல போடலாம்னு. மலையை இடது பக்கம் வச்சுத்தான் வரைய ஆரம்பிச்சிருக்கோம், வடக்கு எங்கிட்டு இருந்தா என்ன. அதை எடுத்துக்கிட்டு தாராவிக்கு ஒரு நாள் வர்றோம் செல்வா அண்ணே, கல்லியை உடைச்சா என்ன ஆகும்னு எங்க ஆளுங்களே வந்து உங்க மீட்டிங்ல சொல்லட்டும்.

லட்சுமி அக்கா, அடுத்த ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுல ஆச்சியும் இன்னும் ரெண்டு பேரும் உக்கார்றாங்க, உங்க அம்மாவையும் கூட்டிட்டு வர முடியுமா? மான்கூர்டு ஸ்டேஷன்ல இருந்து ஷேர் ஆட்டோ, இறங்கினதும் போன் பண்ணுங்க.

குர்லா கனி

ஞாயித்துக்கிழமை ஹார்பர்ல மெகா பிளாக் (தண்டவாள வேலைக்காக ட்ரெயினை நிறுத்துறது) இருக்கான்னு பார்த்துட்டு நேரத்தைச் சொல்லுங்க தம்பி. வாப்பா ரெடி, அஸர் தொழுகைக்கப்புறம்னா நல்லது. அவர் கூட்டாளி ஒருத்தர் கோவண்டில இருக்காராம், அவரையும் கூப்பிடவான்னு கேக்குறார். ரெண்டு பேருக்கும் மாவு மில்லு எந்தப் பக்கம்ங்கிறதுல இப்பவே போன்ல சண்டை.